அநாதை பாலிசிகள்

2002-ல் ஆயுள் காப்பீட்டு முகவரானேன். 2024-ல், 57 வயதில், நிறுவனம் மாறினேன். பழைய நிறுவனத்தின் பெயரும் புதியதின் பெயரும் இங்கே வேண்டாம். எந்தப் பெயராக இருந்தாலும் நடந்திருக்கக்கூடியது ஏறக்குறைய இதுதான். விலகல் கடிதம் கொடுத்த நாளில், காரைக்கால் நகராட்சியிலும் சுற்றியுள்ள ஐந்து கொம்யூன்களிலும் நான் பார்த்துவந்த பாலிசிகள் 300-க்குச் சற்று மேல். அடுத்த நாள் அவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுப்பெயர் வந்துவிட்டது. முகவர் இல்லாத பாலிசியை எங்கள் தொழிலில் 'ஆர்ஃபன் பாலிசி' என்பார்கள். அநாதை பாலிசி. பெற்றவள் உயிரோடு அடுத்த தெருவில் இருக்கும்போதே பிள்ளையை அநாதை என்று பதிவேட்டில் எழுதுகிற தொழில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தெரியவில்லை.

விலகலுக்கும் புதிய நியமனத்துக்கும் நடுவில் எனக்கு வேலை செய்ய அனுமதியில்லாத 90 நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் காப்பீட்டுச் சட்டத்தையும் அதன் பழைய திருத்தங்களையும் உட்கார்ந்து படித்தேன். ஒரு பெண் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வீடு வீடாக நடந்து சேர்த்த நம்பிக்கை யாருடைய சொத்து என்ற கேள்வியோடு படித்தேன். அதற்குச் சட்டம் நேரடியாகப் பதில் சொன்னதே இல்லை. ஆனால் கமிஷனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சுற்றிவளைத்து ஒரு பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முகவர் என்றால் முதல் வருடக் கமிஷன்தான் கண்ணில் படும். எங்களுக்கு உயிர்நாடி புதுப்பிப்புக் கமிஷன். 1950-ஆம் ஆண்டுத் திருத்தம் ஓர் உச்சவரம்பு வகுத்தது: முதல் ஆண்டுப் பிரீமியத்தில் 35 சதவீதம், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் 7.5 சதவீதம், அதற்குப் பிறகு 5 சதவீதம். வெகுகாலம் தொழில் இந்தக் கணக்கில்தான் ஓடியது. ஆண்டுக்கு 12,000 ரூபாய் கட்டும் குடும்பம் நான்காம் ஆண்டிலிருந்து முகவருக்குத் தருவது 600 ரூபாய். அதே அளவில் 300 பாலிசி என்றால் ஆண்டுக்கு 1,80,000, மாதத்துக்கு 15,000. ஓய்வூதியம் இல்லாத தொழிலில் இதுதான் ஓய்வூதியம். அந்த 600 சும்மா வருவதில்லை. தவணை தேதியை நினைவூட்ட வேண்டும். கல்யாணமானவளுக்கு நாமினி மாற்றித்தர வேண்டும். கடன் வேண்டும் என்று வருபவரிடம், பாலிசியை உடைக்காதீர்கள், அதன்மேல் கடன் வாங்குங்கள் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். மகன் வெளிநாடு போன வீட்டில் வங்கிப் படிவத்தைப் படித்துக் காட்ட வேண்டும். முதல் வருடக் கமிஷன் பேச்சுக்குக் கிடைப்பது. புதுப்பிப்புக் கமிஷன் பராமரிப்புக்குக் கிடைப்பது. வீட்டிலும் பராமரிப்புதான் கணக்கில் வராத வேலை என்பதைப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பராமரிப்புக் கூலியை முகவர் விலகிய பிறகும் நிறுத்தக்கூடாது என்று சொன்ன சட்டம் ஒன்று இருந்தது. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. மோசடி செய்தாலொழிய, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் புதுப்பிப்புக் கமிஷனை மறுக்கக்கூடாது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் செல்லாது என்றது அந்தப் பிரிவு. படித்தவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிபந்தனைகள் அடுத்து வந்தன. ஒரே நிறுவனத்துக்கு மட்டுமே தொடர்ந்து ஐந்து ஆண்டு உழைத்திருக்க வேண்டும், விலகுவதற்கு ஓராண்டு முன்பு குறைந்தது 50,000 ரூபாய்க்கான பாலிசிகள் நடப்பில் இருந்திருக்க வேண்டும். அல்லது ஒரே நிறுவனத்தில் பத்து ஆண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் விலகிய பிறகு வேறு யாருக்காகவும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, காப்பீட்டு வேலை செய்யக்கூடாது. கமிஷன் விகிதத்துக்கும் 4 சதவீத வரம்பு.

இந்தப் பத்தாண்டு நிபந்தனையை நான் பலமுறை படித்தேன். உன் பழைய உழைப்பின் கூலி உனக்கு வரும், இனி வாயைத் திறக்காமல் வீட்டில் இருந்தால், என்கிறது அது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்னும் விசித்திரம். முகவர் இறந்துபோனால், அவர் உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு காலம் கமிஷன் கிடைத்திருக்குமோ அவ்வளவு காலமும் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். பத்தாண்டு நிபந்தனையின் கீழ் வரும் ஒரு பெண் செத்தால் அவள் கணவனுக்குப் பணம் போகும். உயிரோடு வேறு நிறுவனத்துக்கு மாறினால் அவளுக்கே போகாது. சட்டத்தை எழுதியவர்கள் பெண்களை மனத்தில் வைத்து எழுதியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் விசுவாசத்துக்கு விதவைத்தனத்தை ஒத்த ஒரு விதியைத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்.

முகவர்கள் நிறுவனம் மாறியது என்றால் இந்திய வரலாற்றில் பெரிய மாற்றம் ஒரே ஒருமுறைதான் நடந்தது. அதை முகவர்கள் யாரும் கேட்கவில்லை. 1956 ஜனவரி 19 இரவு நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் பேசி, ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு ஏற்பதாக அறிவித்தார். 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 பிராவிடண்ட் சங்கங்கள், ஆக 245. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ல் எல்லாம் சேர்ந்து எல்.ஐ.சி. ஆயின. நேற்றுவரை போட்டிபோட்ட நிறுவனங்களின் முகவர்கள் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். தலைமை முகவர்கள் என்று மேலே இருந்தவர்களின் ஒப்பந்தங்கள் முடிக்கப்பட்டன; அவர்களுக்கு இழப்பீடு உண்டு என்று எல்.ஐ.சி. சட்டமே அட்டவணை போட்டுச் சொன்னது. வாடிக்கையாளர் தொடர்புக்கு ஒரு விலை உண்டு, அதை இழப்பவருக்கு ஈடு தர வேண்டும் என்பது 1956-லேயே அரசுக்குத் தெரிந்திருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். விலை வைக்கப்பட்டது மேலே இருந்தவர்களின் தொடர்புக்கு. தெருவில் நடந்தவர்களின் தொடர்புக்கு யாரும் விலை போடவில்லை.

அப்போது காரைக்கால் எங்கே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1739-ல் பிரெஞ்சுக் கம்பெனியின் கைக்கு வந்த இந்த ஊர் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். நாகப்பட்டினத்துப் பெண்ணுக்கும் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த காரைக்கால் பெண்ணுக்கும் இரண்டு வேறு சட்டங்கள். 1819 ஜனவரி 6-ஆம் நாள் ஆணை, இங்குள்ள இந்துக்களும் முஸ்லிம்களும் தங்கள் வழக்கங்களையே பின்பற்றலாம் என்று விட்டுவைத்தது. 1881-க்குப் பிறகு தங்கள் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ளும் உரிமை வந்தது. அப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்றார்கள். ஓட்டுரிமை, அரசு வேலை, இந்தோசீனாவில் உத்தியோகம் என்று அந்தக் குடும்பங்கள் மேலேறிய வரலாற்றை ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தக் குடும்பத்துப் பெண்கள் எதை ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டால் பெருமை கொஞ்சம் குறையும். நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என்றது. 217-ஆம் பிரிவின்படி அவன் சம்மதமில்லாமல் அவள் சொத்து வாங்கவோ விற்கவோ முடியாது. வியாபாரம் செய்யும் பெண் தன் வியாபாரத்துக்காகத் தானே ஒப்பந்தம் செய்யலாம் என்று 220-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தது. அவள் வியாபாரி ஆவதற்கே கணவனின் சம்மதம் வேண்டும் என்று வணிகச் சட்டம் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது. பிரான்சிலேயே 1938-ல்தான் மனைவியின் சட்டத் தகுதியின்மை நீங்கியது. கணவனைக் கேட்காமல் வேலைக்குப் போகவும் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும் 1965 ஜூலை 13-ஆம் நாள் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரைக்கால் இந்தியாவோடு சட்டப்படி சேர்ந்து மூன்று ஆண்டு கழித்து! பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வயதான அம்மாக்களின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். பணம் அவர்கள் பெயரில் வரும், படிவத்தைப் பேரனோ மருமகனோ வைத்திருப்பார்கள். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டுவார்கள். பழக்கம் சட்டத்தைவிட நீண்ட ஆயுள் உள்ளது.

இந்த ஊரில் பெண்ணும் கணக்கும் என்று பேசினால் புனிதவதியைத் தாண்டிப் போக முடியாது. காரைக்கால் அம்மையார் கதையைப் பெரியபுராணம் சொல்கிறபடி நாம் பக்தியோடுதான் கேட்டிருக்கிறோம். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் எறிவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வணிகக் கண்ணோடு ஒருமுறை அதைப் படித்துப் பாருங்கள். தனதத்தன் தன் ஒரே மகளை நாகைக்கு அனுப்ப மனமில்லாமல், மாப்பிள்ளை பரமதத்தனுக்குக் காரைக்காலிலேயே தனி வீடும் பெரும் பொருளும் கொடுத்து வைக்கிறான். முதல் போட்டது பெண்ணின் அப்பா. ஒருநாள் கடையிலிருந்து கணவன் இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். ஒன்றை அவள் பசித்து வந்த அடியாருக்குக் கொடுத்துவிடுகிறாள். சாப்பாட்டின்போது அவன் இரண்டாவதைக் கேட்கிறான். ஒப்படைத்த சரக்குக்குக் கணக்குக் கேட்கப்பட்ட இடம் அது. இறைவன் தந்த பழத்தின் அதிசயத்தைப் பார்த்து அவன் அஞ்சுகிறான், கப்பல் ஏறுகிறான், பொருள் சேர்க்கிறான், பாண்டிநாட்டுத் துறைமுக நகரம் ஒன்றில் வேறு மணம் செய்து கடை போடுகிறான். ஊர் மாறினான், தொழில் மாறவில்லை, முதலும் குறையவில்லை. உறவினர்கள் அவளைப் பல்லக்கில் அங்கே கொண்டுபோய் நிறுத்தும்போது, அவனுக்கென்று தாங்கிய உடலையே உதறிப் பேயுருவம் வேண்டிப் பெறுகிறாள் அவள். அதன் பின்தான் அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்கள். இடம் மாறும்போது ஆண் எதை எடுத்துப் போகிறான், பெண் எதை விட்டுப் போக வேண்டியிருக்கிறது என்பது எங்கள் ஊரில் அவ்வளவு பழைய கேள்வி.

இனி என் தலைமுறைக்கு வருகிறேன். சேமிப்பு முகவர் வேலையைப் பெண்களுக்கென்றே அரசு திறந்தது 1972-ல். மகிளா பிரதான் க்ஷேத்ரிய பச்சத் யோஜனா என்ற நீண்ட பெயரை ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள், 'ஆர்.டி. கட்டும் அக்கா' என்றால் புரியும். அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக்கு வீடு வீடாகப் பணம் வாங்கிக் கட்ட வேண்டும், 4 சதவீதக் கமிஷன். 100 வீட்டில் 500 ரூபாய் வாங்கினால் மாதம் 2,000. பெண்களால் பெண்களிடம் போக முடியும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படை. மதியம் இரண்டு மணிக்கு அடுப்படிவரை போய் உட்கார ஆண் முகவரால் முடியாது. புருஷன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் மரைக்காயர் வீட்டில் "வாங்க லாத்தா" என்று சொல்லி உள்ளே போக என்னால் முடியும். நுழையும் இந்த உரிமை நிறுவனம் கொடுத்தது இல்லை.

அதே திட்டத்தின் இருட்டுப் பக்கமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரசு வேலையில் இருக்கும் கணவன் ஏஜென்சி எடுக்க முடியாது. மனைவி பெயரில் எடுப்பான், அவனே ஸ்கூட்டரில் போய் வசூல் செய்வான். காப்பீட்டிலும் இது உண்டு. பதிவேட்டில் பெண் முகவர்களை எண்ணிப் பெண் முன்னேற்றம் என்று சொல்லும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அங்கே பெயர் அவளுடையது, வேலையும் பணமும் அவனுடையவை. வேலையையும் அவளே செய்யும் இடத்தில், வாடிக்கையாளர் நிறுவனத்துடையவர் ஆகிவிடுகிறார்.

2011-ல் சிறுசேமிப்புகளை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சியாமளா கோபிநாத். பெண் முகவர்களின் 4 சதவீதத்தைப் படிப்படியாக 1 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது அந்தக் குழு. அரசு அதை மட்டும் ஏற்கவில்லை. மற்ற திட்டங்களின் கமிஷனை 1 சதவீதத்திலிருந்து அரையாகக் குறைத்து, பொதுச் சேமநல நிதிக்கும் மூத்த குடிமக்கள் திட்டத்துக்கும் கமிஷனை முற்றிலும் நிறுத்தி, 2011 டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. உயர்பதவியில் ஒரு பெண் இருந்தால் தெருவில் நடக்கும் பெண்ணின் கணக்கு சரியாகிவிடும் என்று நம்புபவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன். வட்டி விகிதத்தைச் சந்தையோடு இணைப்பது அந்தக் குழுவின் அக்கறை. அந்தக் கோணத்திலிருந்து முகவர் ஒரு செலவு, அவ்வளவுதான்.

காப்பீட்டுக்குத் திரும்புகிறேன். 1999-ல் நிறைவேறிய சட்டத்துக்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் வந்தன, முகவர்களுக்கு முதன்முறையாகப் போக வேறு இடமும் வந்தது. ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான் முகவராக இருக்கலாம் என்பது விதி. அதனால் மாறுவதென்றால் முழுதாக விட்டுவிட்டு வர வேண்டும். புதிதாக ஆள் சேர்க்கும் மேலாளர்கள் ஒவ்வொரு முகவரிடமும் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்கு எத்தனை குடும்பம் தெரியும்?" சேரும்போது அந்தக் குடும்பங்கள் நம்முடையவை. நம் மதிப்பே அதுதான். விலகும்போது அதே குடும்பங்கள் நிறுவனத்தின் ரகசியத் தகவல் ஆகிவிடுகின்றன.

2004 டிசம்பர் 26-க்குப் பின் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் இந்தக் குடும்பங்கள் என்றால் என்ன என்று பார்த்தேன். புதுச்சேரி ஒன்றியத்தில் ஆழிப்பேரலையில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் காரைக்கால் கடற்கரையைச் சேர்ந்தவர்கள். பத்திரம் வைத்திருந்த தகரப்பெட்டியே போய்விட்ட வீடுகள். பாலிசி எண் யாருக்கும் தெரியாது. அலுவலகக் கணினியில் பெயரைப் போட்டால் ஒரே பெயரில் பதினைந்து பேர் வருவார்கள். கதவு எண்ணைச் சொல்லலாம் என்றால் கதவே இல்லை. என்னிடம் கோடு போட்ட ஒரு நோட்டு இருந்தது. யார் மகள், எந்தப் படகு, எந்தத் தேதியில் பணம் கட்டினார், நாமினி அம்மாவா மனைவியா என்று பென்சிலில் எழுதியது. அதை வைத்துத்தான் ஒவ்வொரு படிவமாக நிரப்பினோம். கணவனை இழந்த ஒருத்தி, நாமினியாகத் தன் பெயர் இருப்பதே தெரியாமல், மாமியார் கையெழுத்துப் போடட்டும் என்று ஒதுங்கி நின்றாள். நோட்டில் இருந்ததைக் காட்டி முன்னால் அழைத்து வந்தேன். இருபது ஆண்டு கழித்து நான் விலகியபோது திருப்பித்தரச் சொன்ன பொருள்களின் பட்டியலில் அடையாள அட்டையோடு 'வாடிக்கையாளர் விவரக் குறிப்புகள் அனைத்தும்' என்றும் ஒரு வரி இருந்தது.

வாடிக்கையாளர் பட்டியலுக்கான சண்டை எங்களோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் நிதி ஆலோசகர்கள் நிறுவனம் மாறும்போதெல்லாம் வழக்குகள் பெருகி, 2004-ல் ஸ்மித் பார்னி, மெரில் லின்ச், யு.பி.எஸ். ஆகிய மூன்று நிறுவனங்களும் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. விலகும் ஆலோசகர் ஐந்து விவரங்களை எடுத்துப் போகலாம்: வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், கணக்கின் தலைப்பு. அதற்கு மேல் ஒன்றும் கூடாது. ஆனால் அந்த ஐந்துக்காக வழக்குப் போட மாட்டார்கள். நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் பின்னர் அதில் சேர்ந்தன. 2017-ன் இறுதியில் மார்கன் ஸ்டான்லியும், தொடங்கிவைத்த மூன்றில் ஒன்றான யு.பி.எஸ்-ஸும் வெளியேறிவிட்டன. ஆள்கள் வரும்போது நல்ல உடன்படிக்கை, போகும்போது கெட்ட உடன்படிக்கை என்பது அங்கும் அப்படித்தான். ஆனாலும் ஐந்து விவரமாவது அவளுடையது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். இங்கே 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதனால் வேறு நிறுவனத்துக்குப் போகாதே என்று யாரும் நேரடியாக என்னைத் தடுக்கவில்லை. தடுக்கத் தேவையும் இல்லை. பழைய கமிஷன் நின்றுபோகும் என்பதே போதும்.

2015-ல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டபோது 44-ஆம் பிரிவு நீக்கப்பட்டது. குறையுள்ள பாதுகாப்புதான், ஆனாலும் ஒப்பந்தத்துக்கு மேலே நின்ற பாதுகாப்பு. நான் 2002-ல் கையெழுத்திட்டபோது அது இருந்தது. 22 ஆண்டு கழித்து விலகியபோது இல்லை. இப்போது விலகும் முகவருக்கு என்ன கிடைக்கும் என்பது பெரிதும் அந்தந்த நிறுவனத்தின் விதியையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. எனக்குக் கிடைத்தது, விலகிய மாதத்துக்கான கமிஷன். 2016 முதலான விதிகளின்படி பழைய நிறுவனம் விலகல் சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழ் தேதியிலிருந்து 90 நாள் கழிந்த பிறகே புதிய நிறுவனம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும். அந்த மூன்று மாதம் கையில் சேமிப்பு இருப்பவர்தான் மாற முடியும். இது ஆண்களுக்கும் பொதுவான விதிதானே என்று என் தம்பி கேட்டான். பொதுவான விதிதான். ஆனால் நகை அடகு வைத்து 90 நாளைக் கடத்துபவர்கள் யார், ஏன் மாறுகிறாய், வீட்டிலேயே இரேன் என்று சொல்லக் கேட்பவர்கள் யார் என்று அவன் யோசித்திருக்க மாட்டான்.

மாறுவதற்குக் காரணமும் பெண்களுக்குத் தனியாக அமையும். முப்பதுகளில் பிள்ளைகளுக்காக வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்று இதில் நுழைகிறோம். ஐம்பது கடந்து பிள்ளைகள் போன பின்தான் முழுநேரமும் நம்முடையதாகிறது. அப்போதுதான், நாம் நம்பி விற்க முடியாத திட்டங்களை விற்கச் சொல்லும் மேலாளரிடம் முடியாது என்று சொல்லும் துணிச்சலும் வருகிறது. ஆண் முகவர் மேலேறியிருக்கும் வயதில் பெண் முகவர் தொழிலை உண்மையில் தொடங்குகிறாள். விதிகள் எல்லாம் அந்த வயதில் நகராமல் இருப்பவருக்கே பரிசு தருகின்றன.

நின்றுபோனவர்கள் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு மாற்றம் 2023-ல் வந்தது. அதுவரை எல்.ஐ.சி. முகவராக இருந்து விலகி மறுபடி நியமிக்கப்படுபவருக்குப் பழைய ஏஜென்சியில் செய்த பாலிசிகளின் புதுப்பிப்புக் கமிஷன் கிடையாது. 2023 செப்டம்பர் 18-ல் மத்திய நிதியமைச்சகம் அறிவித்த நலத் திட்டங்களில் அது கிடைக்கும் என்றானது. பணிக்கொடை உச்சவரம்பு 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் ஆனது. குழு ஆயுள் காப்பீடு 3,000 முதல் 10,000 ரூபாய் என்றிருந்தது 25,000 முதல் 1,50,000 என்றானது. அந்தப் பழைய தொகையை மறுபடி பாருங்கள். நாள் முழுக்க அடுத்தவர் உயிருக்கு லட்சங்களில் விலை சொல்லும் வேலையில், முகவரின் உயிருக்கு 3,000 ரூபாய். 13 லட்சத்துக்கும் அதிகமான முகவர்கள் அந்த நிறுவனத்தில் இருப்பதாக அதே அறிவிப்பு சொன்னது. பிரசவம், மாமியாரின் நோய், கணவனின் மாற்றல் என்று நடுவில் நின்று திரும்பி வருபவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. என்றாலும், திரும்பி வந்தவளின் பழைய உழைப்பு அவளுடையது என்று ஒரு அரசு ஆவணம் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிதாகத்தான் பட்டது.

அடுத்த ஆண்டே, 2024 டிசம்பர் 9-ல், பானிபட்டில் பிரதமர் பீமா சகி திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பத்தாம் வகுப்பு படித்த, 18 முதல் 70 வயதுவரையுள்ள பெண்களுக்கு எல்.ஐ.சி. முகவர் பயிற்சி. மூன்று ஆண்டுக்கு உதவித்தொகை: மாதம் 7,000, அடுத்த ஆண்டு 6,000, அதற்கடுத்து 5,000. இரண்டாம் ஆண்டுத் தொகை கிடைக்க முதல் ஆண்டில் பிடித்த பாலிசிகளில் 65 சதவீதம் நடப்பில் இருக்க வேண்டும். பராமரிப்பை ஒருவழியாக எண்ணிக்கையில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏற்கெனவே முகவராக இருப்பவர்கள், முகவர்களின், ஊழியர்களின் நெருங்கிய உறவினர்கள், முன்பு முகவராக இருந்து விலகியவர்கள் ஆகியோருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. மனைவி பெயரில் நடக்கும் ஏஜென்சிகளைத் தடுக்க உறவினர் விதி உதவக்கூடும். கடைசி விதிதான் உறுத்துகிறது. எழுபது வயதுவரை புதியவள் நுழையலாம், இருபது ஆண்டு அனுபவத்தோடு விலகிப்போனவள் மட்டும் நுழைய முடியாது.

திருநள்ளாறு கொம்யூனிலிருந்து இரண்டு பெண்கள், இருபதுகளில் இருப்பவர்கள், முகவர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் காட்ட வந்திருந்தார்கள். கமிஷன் அட்டவணையை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். விலகினால் புதுப்பிப்புக் கமிஷன் என்ன ஆகும், எத்தனை ஆண்டுக்குப் பின் அது நிலைக்கும், வேறு இடத்துக்குப் போனால் நிற்குமா, வாடிக்கையாளர் விவரம் என்று எதை எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். பதினோராம் பக்கத்தில் இருந்தது. மூன்று பேரும் சேர்ந்து அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். ஒருத்தி கையெழுத்துப் போட்டாள். மற்றவள் கிளை மேலாளரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஒப்பந்தத்தைத் திரும்பப் பையில் வைத்தாள்.